எதிரெதிரே இரண்டு பேனர்

என் தம்பியைத் தேடுவதற்குத்தான் நான் பேனர் கேட்டேன்.

தாராவியில் எங்கள் தெருவில் எல்லாவற்றுக்கும் பேனர் வைப்பார்கள். காதுகுத்துக்கு வைப்பார்கள், பத்தாம் வகுப்பு பாஸானதற்கு வைப்பார்கள். ஜாமீனில் வந்தவனை வரவேற்றுக்கூட ஒருமுறை வைத்தார்கள். அதில் அவன் கூலிங் கிளாஸ் போட்டு நின்றான். இதையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டே செம்பூருக்கு ஆபீஸ் போகிறவள் நான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கிண்டல் செய்யாமல் இருக்க வராது. அப்படிப்பட்ட நானே ஒருநாள் கட்சி ஆபீஸ் வாசலில் போய், ஒரு பேனர் போட்டுக் கொடுங்கள் என்று கையேந்தி நின்றேன்.

தம்பி ஒரு பட்டறையில் பை தைத்துக்கொண்டிருந்தான். அப்பா போன பிறகு வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான், அம்மா, நான், அவன். அன்றைக்குத் தைத்த சரக்கை ஒரு கடையில் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தான். ஹார்பர் லைனில் ஒரு ஸ்டேஷன் வாசலில் குண்டு வெடித்தது. டிவியில் அந்த இடத்தைக் காட்டினார்கள். செருப்புகளும், கவிழ்ந்து கிடந்த ஒரு வடாபாவ் வண்டியும் தெரிந்தன. அவனுக்கு போன் போட்டேன், ஸ்விட்ச் ஆஃப். திரும்பத் திரும்பப் போட்டேன். நம்பர் தொடர்பில் இல்லை என்று மராட்டியிலும் ஹிந்தியிலும் ஒரு பெண் மரியாதையாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அடிபட்டவர்களைக் கிடைத்த டாக்ஸியிலும் டெம்போவிலும் அள்ளிப் போட்டுக்கொண்டு போயிருந்தார்கள். யார் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனார்கள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. போலீஸில் காணவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு நானும் தெருப்பையன்களும் பைக்கில் ஒவ்வொரு ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினோம். ஓரிடத்தில் போர்வையை விலக்கி ஒரு முகத்தைக் காட்டினார்கள். என் தம்பி இல்லை. "இல்ல, இல்ல" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன், குரலில் சந்தோஷம் இருந்தது. பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு எந்தப் போர்வையைத் தூக்கினாலும் எனக்கு வாய் வரவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன்.

கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம், நவி மும்பையில், வாஷி, நெருள் ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் போன் போட்டுக் கேட்டோம். நெருளில் ஒரு ஆஸ்பத்திரியில், எங்களிடம் வந்தவர்கள் எல்லாருடைய பெயரும் தெரிந்துவிட்டது, அடையாளம் தெரியாதவர்கள் யாரும் இல்லை என்றார்கள். பெயர்களை வாசித்தும் காட்டினார்கள். தம்பி பெயர் இல்லை. அந்த ஆஸ்பத்திரியைக் கணக்கிலிருந்து விட்டுவிட்டோம்.

ஒருத்தனுடைய முகத்தை ஊரெல்லாம் பார்த்தால் யாராவது வந்து சொல்லுவார்கள் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. ஆளும் கட்சியின் தமிழர் பிரிவுச் செயலாளர் எங்கள் தெருக்காரன்தான். தம்பியோடு கிரிக்கெட் ஆடினவன். காணவில்லை என்று ஒரு பேனர் போட்டு, கீழே என் போன் நம்பரைக் கொடுக்கச் சொன்னேன். தம்பியின் போட்டோ ஒன்றை அவனுக்கு அனுப்பினேன். சித்தி மகள் கல்யாணத்தில் எடுத்தது. புதுச் சட்டை போட்டு, யாரோ சொன்ன ஜோக்குக்குச் சிரித்துக்கொண்டு நிற்பான்.

மறுநாள் காலையில் நைன்டி ஃபீட் ரோட்டு சிக்னலில் பேனர் நின்றது. தம்பியின் முகம் கதவு அகலத்துக்கு இருந்தது. பக்கத்தில் மெழுகுவத்தி, மேலே கட்சித் தலைவர்கள், ஓரத்தில் கும்பிட்டபடி நம் செயலாளர். பயங்கரவாதிகளைத் தூக்கில் போடு என்று ஹிந்தியில் ஒரு வரி. அதற்குக் கீழே தமிழில், தூரத்திலிருந்தே தெரிகிற கொட்டை எழுத்தில், கண்ணீர் அஞ்சலி.

என் நம்பர் எங்கேயும் இல்லை.

செயலாளர் பேனருக்குக் கீழேயே நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் ஓடி வந்தான்.

"யக்கா, போட்டோ கிளியரா வந்துருக்குல்லா? ஃபிளெக்ஸ் கடைக்காரன் ஃபடாஃபட் அடிச்சிக் குடுத்துட்டான்."

"கீழ என்ன எழுதியிருக்குன்னு வாசில."

அவன் அண்ணாந்து பார்த்தான். அவன் ஹிந்தி மீடியத்தில் படித்தவன். வாயைத் திறந்தால் திருநெல்வேலி, ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது. எங்கள் தெருவில் அவன் வயதுக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான். நான் முனிசிபாலிட்டி தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்ததால் தப்பித்தவள்.

"மிஸ்ஸிங்னுதாங்க்கா போடச் சொன்னேன்."

"கண்ணீர் அஞ்சலின்னு போட்டுருக்கு."

"அஞ்சலின்னா?"

"செத்தவனுக்குப் போடுததுல!"

அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். பிறகு ஃபிளெக்ஸ் கடைக்காரனுக்கு போன் போட்டான். கடைக்காரன் வடக்கத்திக்காரன். ராத்திரி முழுக்க செத்தவர்களுக்கு பேனர் அடித்துக்கொண்டிருந்திருக்கிறான். தமிழ்க்காரர் போட்டோ வந்ததும் தன்னிடம் இருந்த தமிழ் டிசைனில் முகத்தை மாற்றிக் கொடுத்துவிட்டான்.

"அவன்ட்ட தமிழ்ல ரெண்டே டிசைன்தாங்க்கா இருக்கு. ஒண்ணு பர்த்டே. இன்னொண்ணு இது."

"மெழுகுவத்தி நிக்கே, அதப் பாத்தும் தெரியலையால ஒனக்கு?"

"மெழுகுவத்திய டிவியில எல்லாருந்தான புடிச்சிட்டு நிக்காவ" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. இதில் வேண்டுமென்று செய்தது எதுவுமே இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. அது என் ஆத்திரத்தைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை. திட்டுவதற்காவது ஒரு அயோக்கியன் கிடைத்திருக்கலாம்.

உடனே இறக்கு என்றேன். இறக்கிவிடுவதாகத்தான் சொன்னான். ஆனால் அதற்குள் போட்டோ மேலே போயிருந்தது. சாயங்காலம் எம்.எல்.ஏ. வந்து மாலை போடுவதாகச் சொல்லிவிட்டார்களாம், மேலிடத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறக்குகிறேன் என்றான். கேட்டுவிட்டு வருவதற்குள், மத்தியானத்தில், ரோட்டுக்கு அந்தப் பக்கம் இன்னொரு பேனர் ஏறிவிட்டது. அது எதிர்க்கட்சியுடையது. இதைவிட இரண்டடி உயரம். அதே கல்யாணப் போட்டோ, அதே சிரிப்பு. ஆட்சியாளர்களே, இந்த ரத்தத்துக்குப் பதில் சொல்லுங்கள் என்று நல்ல தமிழில் எழுதியிருந்தது.

எதிர்க்கட்சிச் செயலாளர் வயதானவர், மேடையில் பேசுகிறவர். தமிழெல்லாம் நன்றாக வாசிப்பார். அவரிடம் போய் என் தம்பி சாகவில்லை என்றேன்.

"எங்களுக்கு வந்த தகவல் அப்படித்தானம்மா."

"யாரு சொன்னா ஒங்களுக்கு?"

"எதுத்தாப்ல பேனரே நிக்குதுல்லா."

அவரை என்ன செய்ய? தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்று முழுக்கதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். கடைசியில், "அவன் எறக்கட்டும், மறு நிமிசம் நான் எறக்குதேன். நான் மொதல்ல எறக்குனா, குண்டு வச்சவனுக்கு நான் சப்போட்டுன்னு மேடை போட்டுப் பேசுவான்" என்றார். ரோட்டைத் தாண்டி இங்கே வந்தேன். "நாங்க மொதல்ல எடுத்தா, கவர்மென்ட்டு சாவ மறைக்குன்னு பேசுவாவளேக்கா, அவரு எடுக்கட்டும்" என்றான் என் தம்பியோடு கிரிக்கெட் ஆடினவன். மறுபடியும் ரோட்டைத் தாண்டினேன். இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நான் அன்றைக்கு நடந்த நடைக்கு, அந்த நேரத்தில் நெருளுக்கே நடந்து போயிருக்கலாம்.

பிறகு நானே கிழித்துவிடுவது என்று முடிவு செய்து ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போனேன். அதற்குள் கைகலப்பு வரும் என்று எம்.எல்.ஏ. மாலை போட வருவதை நிறுத்திவிட்டு, இரண்டு பேனருக்கும் போலீஸ் காவல் போட்டுவிட்டார்கள். கான்ஸ்டபிள் நல்ல மனிதர்தான். ஸ்டூலை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்து, "கை வைக்காதீங்க தங்கச்சி, டென்ஷன் ஆயிடும்" என்று ஹிந்தியில் சொன்னார். அது என் தம்பி என்றேன். தொப்பியைக் கழற்றி எனக்கு அனுதாபம் தெரிவித்தார். என் தம்பியைத் தேட ஒரு போலீஸ்காரர் கிடைக்கவில்லை. அவன் படத்துக்கு நான்கு பேர் காவல் இருந்தார்கள்.

இரண்டு பேனருக்கும் இடையில் ஒரு டீக்கடை உண்டு. அங்கே காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் பேச்சுத்தான். பாகிஸ்தான் மேல் குண்டு போட வேண்டும் என்றான் ஒருவன். எலெக்‌ஷன் வருகிறதல்லவா, யார் வைத்தார்கள் என்று யாருக்குத் தெரியும் என்றான் இன்னொருவன். முஸ்லிம்களுக்கு வீடு கொடுத்தது தப்பு என்று ஒருவன் சொல்ல, உன் முதலாளி யாருல, முஸ்லிம்தான என்று மற்றவன் கேட்க, டீ கிளாஸ் உடைந்தது. பேச்சு முற்றும்போதெல்லாம் யாராவது ஒருவன் கையை நீட்டி என் தம்பியின் படத்தைக் காட்டினான். "அந்தப் பயலு என்ன பாவம் செஞ்சாம்ல?" எல்லாக் கட்சிக்காரனுக்கும் அதே கேள்விதான். அதுவரை பைக்கில் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகச் சுற்றின பையன்கள் இப்போது அங்கே நின்றுதான் பேசிக்கொண்டிருந்தார்கள். செத்தவனை யார் தேடுவார்கள்? என்னைக் கண்டதும் எழுந்து நின்று வழி விட்டார்கள். இழவு வீட்டுக்காரிக்குக் கொடுக்கிற மரியாதை அது.

லீவு சொல்ல செம்பூர் ஆபீஸுக்குப் போனேன். அங்கேயும் சாப்பாட்டு நேரத்தில் அதே சண்டை. உளவுத்துறை தூங்கிவிட்டது என்று ஒரு கட்சி, இந்த நேரத்தில் அரசாங்கத்தைக் குறை சொல்வது தேசத்துரோகம் என்று ஒரு கட்சி. எங்கள் மேனேஜர் மாட்டுங்கா தமிழர், மூன்று தலைமுறையாக பம்பாய். "பாருங்கோ, மறுநாளே டிரெய்ன் ஓடறது, எல்லாரும் வேலைக்கு வந்துட்டா. அதாம்மா பாம்பே ஸ்பிரிட்" என்றார். வராவிட்டால் சம்பளம் பிடிப்பீர்களே என்று சொல்ல வாய் வரை வந்தது. அதற்குள் அவர் எல்லாரையும் எழுந்து நிற்கச் சொன்னார், என் தம்பிக்கு மௌன அஞ்சலி. பேனர் படம் வாட்ஸ்அப்பில் அவருக்கும் வந்திருந்தது. அவன் உயிரோடு இருக்கிறான் சார் என்று கத்தினேன். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். அதற்குப் பிறகும் மௌனமாகத்தான் நின்றார்கள்.

அம்மாவிடம் நான் எதையும் சொல்லவில்லை. அம்மாவுக்கு எந்த மொழியிலும் எழுத்து தெரியாது. மகன் முகத்தைச் சிக்னலில் பார்த்ததும் அவளுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. ஒன்றுக்கு இரண்டாக வைத்தபோது அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"ரெண்டு கட்சிக்காரனும் சண்டையில்லாம எம்புள்ளயத் தேடுதானுவ பாத்தியா ஏட்டி. இவ்வளவு பெருசா வச்சா எவங் கண்ணுலயாவது படாமலா போவும்?"

தினமும் காலையில் போய் பேனருக்கு முன்னால் நிற்பாள். சிக்னலில் நிற்கிற ஆட்டோக்காரர்களிடம், நல்லா பாத்துக்கோ ராசா, எங்கயாவது பாத்தா சொல்லு என்பாள். துக்கம் விசாரிக்க வருகிறவர்களை நான் தெருமுனையிலேயே மடக்கித் திருப்பி அனுப்பினேன். ராத்திரி படுக்கும்போது, பேனரப் பாத்துட்டு யாரும் போன் போட்டாவளா என்று கேட்பாள். இன்னும் இல்லம்மா என்பேன். போடுவாவ என்பாள். பக்கத்தில் படுத்துக்கொண்டு நான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதேன். ஊரே அவனைப் புதைத்துவிட்டது, அவள் ஒருத்திதான் அவனுக்காகக் காத்திருந்தாள். எனக்கே நம்பிக்கை கரைந்துகொண்டு வந்தது. தினமும் அந்த எழுத்தைத் தாண்டித்தான் நடக்க வேண்டியிருந்தது. கண் வாசிக்காமல் இருக்குமா?

அடுத்த வாரம் போலீஸ் கூப்பிட்டார்கள். நெருள் ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்கள், எல்லாருக்கும் பெயர் இருக்கிறது என்று போனில் சொன்ன அதே ஆஸ்பத்திரி. தம்பி முந்தின நாள்தான் செத்திருந்தான். அதுவரைக்கும் உயிரோடு, ஐ.சி.யூ.வில், வேறொருவன் பெயரில் இருந்திருக்கிறான். வெடித்த இடத்தில் அவனைத் தூக்கியவர்கள் பக்கத்தில் கிடந்த ஒரு பையையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள். பைக்குள் யாரோ ஒரு பீகார்க்காரனின் ஆதார் கார்டு. முகத்தில் பாதி கட்டு, மீதி வீங்கிப் போயிருந்தது, கார்டில் இருந்த பெயரை எழுதிவிட்டார்கள். அந்தக் குடும்பம் ஊரிலிருந்து ரயிலேறி வந்து, இது எங்கள் ஆள் இல்லை என்று சொல்லியிருக்கிறது. அதன் பிறகு போலீஸ் காகிதம் ஸ்டேஷன் ஸ்டேஷனாக நகர்ந்து என்னிடம் வருவதற்குள் அவன் போய்விட்டான்.

முன்னாடியே வந்திருந்தால் பிழைத்திருப்பானா என்று டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது, அநேகமாக இல்லை என்றார். பிழைக்காவிட்டால் போகிறான். பக்கத்தில் உட்கார்ந்திருப்போமே. அம்மா அவன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு இருந்திருப்பாளே. அப்பா செத்தபோதுகூட அப்படித்தான் இருந்தாள், அது அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. இதற்கு மேல் நாங்கள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

இழவுக்கு இரண்டு கட்சியும் வந்தது. யார் முதலில் மாலை போடுவது என்று வாசலில் தள்ளுமுள்ளு. ஒரு சேனல்காரன் அம்மாவின் வாய்க்கு நேரே மைக்கை நீட்டி, அரசுக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள் என்று ஹிந்தியில் கேட்டான். வழிய விடுப்பா, எம்புள்ளயத் தூக்கணும் என்றாள் அம்மா. அது ஒளிபரப்பாகவில்லை. பேனர்களை யாரும் இறக்கவில்லை. இனிமேல் எதற்கு இறக்க வேண்டும்? இப்போது அதில் பொய் ஒன்றும் இல்லை.

பதினாறு கழிந்த பிறகு ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். சின்னப் பெண், கழுத்தில் சிலுவை. நாசரேத் பக்கம் பூர்வீகமாம், பிறந்தது வளர்ந்தது எல்லாம் நெருள், தமிழ் வாசிக்கச் சர்ச்சில் கற்றுக்கொண்டவள். தம்பி படுத்திருந்த வார்டில் நர்ஸ். உள்ளே வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பிறகு என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"ஒருநாள் தண்ணின்னு கேட்டாங்கக்கா. தமிழ்லதான் கேட்டாங்க. அப்பவே எனக்கு டவுட். பீகார்காரங்க வந்து இவரு எங்காளு இல்லன்னதும் நம்மாளுதான்னு முடிவே பண்ணிட்டேன். டியூட்டி டாக்டர்கிட்டயும் சொன்னேன். அந்த ஞாயித்துக்கிழமை இங்க எங்க சித்தி வீட்டுக்கு வந்தேன். சிக்னல்ல படத்தைப் பாத்தேன். நெத்தி, புருவம், எல்லாம் அப்படியே அவங்கதான். ரொம்ப நேரம் நின்னு பாத்தேங்க்கா."

அம்மாவின் முகம் சட்டென்று மலர்ந்ததைப் பார்த்தேன். அவள் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்தியா தாயி? நான் சொல்லல, எவ கண்ணுலயாவது படும்னு! பொறவு ஏம் வரல? எங்க வீடு அந்த ரோட்டுலேர்ந்து ரெண்டு சந்துதான. யாருட்ட கேட்டாலும் சொல்லியிருப்பாவளே."

அந்தப் பெண் அம்மாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அம்மா எதைக் கேட்கிறாள் என்று அவளுக்குப் புரியவில்லை.

"ரெண்டு கட்சிக்காரங்களும் வச்சிருந்தாங்கம்மா" என்றாள். "ஒரு கட்சி மட்டும்னா தப்பா இருக்கும்னு நெனச்சிருப்பேன், விசாரிச்சிருப்பேன். ரெண்டு பேருமே சொல்லும்போது... எங்க வார்டுல இருக்கறவரு உயிரோட இருக்காரே, அப்ப இது வேற ஆளுன்னு நெனச்சிட்டேன். அவங்களுக்காக அங்கேயே ஜெபம் பண்ணிட்டுப் போயிட்டேம்மா."

அம்மா அவள் கையை விடவில்லை. முகம் மட்டும் என் பக்கம் திரும்பியது.

"அதுல என்னட்டி எழுதியிருந்தானுவ?" என்றாள்.

அன்றைக்குத்தான் நான் அதை அவளுக்கு வாசித்துச் சொன்னேன்.